ஆஜர் துணி

அவளை எல்லோரும் படியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான்கு கட்டடங்களுக்கும் படி துடைப்பது அவள் வேலை. படிகள், கைப்பிடிகள், லிஃப்டின் கண்ணாடி, ஒவ்வொரு மாடியிலும் குப்பையைக் கீழே தள்ளும் குப்பைக்குழாய் இருக்கும் சின்ன அறை, இவ்வளவும் அவள் பொறுப்பு. வீடுகளுக்குள் அவளுக்கு வேலை கிடையாது. அடையாள அட்டையில் வயது நாற்பத்தெட்டு என்று இருந்தது.

"அது ஏஜென்ட் போட்ட வயசு சார். என் நிஜ வயசு எங்கம்மாவுக்குத்தான் தெரியும். அவ போய்ச் சேர்ந்துட்டா" என்றாள், குடியிருப்பு அலுவலகத்தில் பெயர் பதிய வந்த அன்று. அங்கே புகார்ப் புத்தகம் எழுதுவது என் வேலை. மூன்றாம் கட்டடத்தின் தரைத்தளத்தில் என் மேசை. ஜன்னல் வழியாக முற்றமும், எதிரே பின்பக்கத்து பால்கனிகளும் தெரியும். நான் பார்க்காததை அவளும் வாசல் காவலாளியும் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் கடல் தாண்டி வந்தது வீட்டு வேலைக்கு. கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். புருஷன் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தான். "தொலைஞ்சான்னு சொல்ல முடியாது சார். தேடினாத்தானே தொலைஞ்ச மாதிரி" என்பாள். ஒரே வீட்டில் பல வருஷம் இருந்தாள். பாஸ்போர்ட் எஜமானரின் அலமாரியில் இருந்தது. அம்மா இறந்த தகவல் வந்த அன்று அந்த வீட்டில் விருந்து. விருந்தாளிகள் போய், பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு எஜமானி அவளை உட்காரவைத்துச் சொன்னாள். முன்பே சொல்லியிருந்தால் பாத்திரம் யார் கழுவுவது என்று எஜமானி வாய்விட்டுக் கேட்கவில்லை, இவளுக்குத் தானாகவே புரிந்தது. பிறகு அந்தக் குடும்பம் வேறு தேசம் போனபோது சோபாவையும் இவளையும் விட்டுவிட்டுப் போனார்கள். சோபாவை மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இவளை எடுத்துக்கொள்ள ஒரு துப்புரவு கம்பெனி வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று.

இந்தக் குடியிருப்பில் முக்கால்வாசி வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் வேலைக்கு இருந்தார்கள். சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருக்கும். அதுதான் அவர்கள் படுக்கும் இடம். எஜமானியின் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. குப்பை கொட்ட மாடிப்படி ஓரத்து அறைக்கு வருவார்கள். பின்பக்கத்து பால்கனியில் துணி காயப்போடுவார்கள். அவர்கள் வெளியே தெரிவது இந்த இரண்டு இடத்தில்தான். குப்பை அறையில் படியக்கா இருப்பாள்.

ஒரு வருஷம், முதல் கட்டடத்தில் ஒருத்தி கை வெந்துபோய் மருந்து இல்லாமல் ஒரு வாரம் உள்ளேயே கிடந்தாள். அது யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் படியக்கா அந்த ஏற்பாட்டைச் செய்தாள். எல்லா வீட்டிலும் தரை துடைக்கும் மஞ்சள் துணி உண்டு. காலையில் தரை துடைத்து முடித்ததும் அதை அலசி பால்கனிக் கம்பியின் இடது கோடியில் போட வேண்டும். துணி கிடந்தால் அந்தப் பெண் நலம். கிடக்காவிட்டால் படியக்கா போய்க் கதவைத் தட்டுவாள்.

அந்தப் பெண்கள் அதற்கு ஆஜர் துணி என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பது போலவாம்.

"இன்னிக்கு ஆஜர் போட்டாச்சாடி?"

"போட்டாச்சுக்கா. வாத்தியாரம்மா பிரம்ப எடுக்காதீங்க."

கதவைத் தட்டுவதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "அம்மா, கீழ் வீட்டுல தண்ணி சொட்டுதாம். உங்க பின்பால்கனிய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்" என்பாள். தன் வீட்டால் பக்கத்தாருக்குத் தொந்தரவு என்றால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். உள்ளே போகிற வழியில் சாமான் அறையை ஒரு பார்வை பார்த்துவிடுவாள். இப்படி ஒருத்திக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தாள். ஒருத்தியைக் குளியலறையில் பூட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தாள். கட்டடத்தில் இத்தனை கசிவா என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் குழாய்க்காரரை இரண்டு முறை வரவழைத்துப் பார்த்தார். குழாய்க்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மூன்றாம் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அட்டையில் இருபத்தைந்து என்று இருந்தது. பத்தொன்பது என்று படியக்காவிடம் சொல்லியிருந்தாள். ஓயாமல் பேசுவாள். அதனால் வாயாடி என்று பெயர். குப்பை கொட்ட வந்தால் குழாய்க்குள் தலையை விட்டு "கீழ யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்துவாள். மேலேயும் கீழேயும் இருக்கும் பெண்கள் அவரவர் மாடியிலிருந்து பதில் கொடுப்பார்கள். அந்தக் குழாய் நாற்றத்திலும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்த வீட்டு எஜமானி ஒழுங்கானவள். செருப்பு கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். குவளையின் காது எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அடிக்கிறவள் இல்லை, சத்தம் போடுகிறவளும் இல்லை. "குப்ப கொட்டப் போனா ஊர்க் கத பேசிட்டு வர்றா" என்று ஒரு நாள் குப்பையைத் தானே கொண்டுவர ஆரம்பித்தாள். அதோடு வாயாடி மாடிப்படிப் பக்கம் வருவது நின்றது. துணி மட்டும் தவறாமல் கிடந்தது. வாயாடி அதை முறுக்கிப் பிழிந்து, கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். காற்றில் பறக்காமல் இருக்க அவள் கண்ட வழி அது. கிளிப் வாங்கித் தரச் சொன்னாளாம், முடிச்சே போதும் என்று எஜமானி சொல்லிவிட்டாளாம். துணிமணிக்குத்தான் கிளிப், தரைத்துணிக்கு எதற்கு?

மழைக்காலம் தொடங்கிய வாரம் ஒரு காலையில் அந்தத் துணி நான்காய் மடித்து, இரண்டு கிளிப் போட்டு, கம்பியின் இடது கோடியில் தொங்கியது. படியக்கா முற்றத்தில் நின்று பார்த்தாள். காவலாளியும் கூட இருந்தான்.

"பாத்தியா தம்பி, நம்ம வாயாடி திருந்திட்டா. மடிப்பு கலையாம போட்டிருக்கா. கிளிப்பும் கெடச்சிருச்சு."

"ஆமாக்கா. அடுத்த மாசம் இஸ்திரி போட்டே தொங்கவிடுவா."

இருவரும் சிரித்தார்கள். என் ஜன்னலுக்கும் அது கேட்டது. மறுநாளும் துணி அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நான்காம் கட்டடத்தில் ஒரு துணி காணவில்லை என்று படியக்கா அங்கே ஓடினாள். அந்தப் பெண் தூங்கிப்போயிருந்தாள், அவ்வளவுதான்.

அந்த வார முடிவில் மூன்றாம் கட்டடத்தின் நான்காம் மாடிக்காரர் என் மேசைக்கு வந்தார். ஈரமான ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"எழுதிக்கங்க சார். மேல் வீட்டுத் தரத்துணி சொட்டிச் சொட்டி எங்க வெள்ளைத் துணியெல்லாம் நாசம். மழைத் தண்ணின்னு பாத்தா இல்ல, சோப்புத் தண்ணி. நாலஞ்சு நாளா இதே கத."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். படியக்கா வாசல்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துடைப்பான் அப்படியே நின்றது.

"எந்த வீடு சார்?"

"அஞ்சாவது மாடி."

அவள் ஜன்னலருகே வந்து தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தாள். துணியின் கீழ் ஓரத்தில் நீர் கோத்து, ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"அது அவ பிழிஞ்ச துணி இல்ல" என்றாள். "வேலைக்காரி கை பிழிஞ்சா சொட்டாது சார். அது வேற யாரோ கை."

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

கதவைத் திறந்தது எஜமானி. அன்று படியக்கா வழக்கமாகச் சொல்லும் பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, கீழ் வீட்டுல தண்ணி சொட்டுது. நிஜமாவே சொட்டுது."

"நாளைக்கு வா. இப்ப நேரமில்ல."

"பொண்ணு எங்கம்மா?"

"அவளுக்கு லேசா வயித்து வலி. மாத்திரை குடுத்திருக்கேன். நல்லா ஓய்வுல இருக்கா. அவ வேலையெல்லாம் நானேதான் செய்யறேன். தரை கூட நான்தான் தொடைக்கிறேன், தெரியுமா?"

படியக்கா அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வேலை போனாலும் போகும் என்று தெரிந்தேதான் போனாள். சாமான் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே வாயாடி முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். தலைமாட்டில் தண்ணீரும் மாத்திரைப் பட்டையும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வயிறு பலகை மாதிரி இருந்தது. தொட்டால் முனகக்கூடத் தெம்பில்லை.

"அக்கா," என்றாள். "துணி போடலியேன்னு நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா."

படியக்கா இதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னாள். மறுபடி சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை.

எஜமானி கதவருகே நின்று கையைப் பிசைந்தாள். அந்தப் பெண் இந்த நாட்டில் வேலை செய்வதற்கான அனுமதி காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்க வேண்டியது எஜமானரின் பொறுப்பு, அவர் வெளியூரில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் காகிதம் கேட்பார்கள், கேட்டால் வழக்காகும் என்று பயந்திருக்கிறாள். பாஸ்போர்ட் இருந்த அலமாரியின் சாவி அவரிடம். "அவரு வந்துரட்டும், வந்ததும் போயிரலாம்னு..." என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தத் துணியை ஏன் அங்கே போட்டீர்கள் என்று படியக்கா கேட்டாள்.

"அவ தினமும் அங்கதானே போடுவா? அது எடத்துல அது இருக்கட்டும்னு போட்டேன்."

அந்தத் துணியின் அர்த்தம் எஜமானிக்குத் தெரியாது. தெரியாமல்தான் போட்டாள் என்பது படியக்காவுக்கும் புரிந்தது.

துணி துவைக்கக் கொண்டுபோகும் சக்கர வண்டியில் போர்வை விரித்து வாயாடியைக் கிடத்தி லிஃப்டில் இறக்கினாள். வாசலில் சீட்டு இல்லாமல் எந்தப் பெண்ணும் வெளியே போகக் கூடாது என்பது விதி. காவலாளி வண்டியைப் பார்த்தான், படியக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"யக்கா, எனக்குக் கண்ணுல தூசி விழுந்துருச்சு. ஒண்ணும் தெரியல" என்று தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு, தானே டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் யார் என்று கேட்டார்கள்.

"அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"இப்ப அதுதான்."

குடல்வால் வெடித்துப் பல நாள் ஆகிவிட்டதாக டாக்டர் சொன்னார். உடனே வந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்றார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆபரேஷன் செய்தார்கள். வாயாடி கண் திறக்கவில்லை. பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். எஜமானர் வந்து அலமாரியைத் திறந்தார். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அவள் கைக்கு வராத பாஸ்போர்ட், பெட்டியோடு போயிற்று.

படியக்கா தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு மனு எழுதித் தரும்படி என்னைக் கேட்டாள், எழுதித் தந்து கூடவும் போனேன். அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார்.

"வீடு வேலைத்தலம் ஆகாதும்மா. சட்டத்துல அப்படித்தான் இருக்கு. ஃபாக்டரி, கடை, ஓட்டல்னா நாங்க போய்ப் பாக்கலாம். ஒருத்தர் வீட்டுக்குள்ள நாங்க எப்படி நுழையறது?"

"வீடு வேலைத்தலம் இல்லன்னா, அவ அங்க என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியிருக்கலாம். பதில் வரவில்லை.

சங்கத்தின் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டாள். கதவோரம் நின்று பேசச் சொன்னார்கள். நிறைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"வாரத்துல ஒரு நாளு அந்தப் பொண்ணுங்க கீழ எறங்கி வரணும் சார். அவங்கவங்க பாஸ்போர்ட் அவங்கவங்க கையில இருக்கணும். உடம்பு முடியலன்னா யாரயும் கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது தர்மமா கேக்கல. எந்த வேலைக்காரருக்கும் இருக்கறதுதான்."

"கையில குடுத்தா ஓடிப் போயிருவாங்க" என்றார் முன்வரிசையில் ஓர் அம்மாள்.

"ஓடிப்போற மாதிரியா வீட்ட வெச்சிருக்கீங்க?"

யாரோ சிரித்துவிட்டு, உடனே இருமினார். செயலாளர் மேசையைத் தட்டினார். துரதிர்ஷ்டம், வருத்தம், ஆனால் ஒவ்வொரு வீட்டு விஷயத்திலும் சங்கம் தலையிட முடியாது என்றார். ஐந்தாம் மாடிக்காரர்கள் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியது. பின்பால்கனிகளில் தரைத்துணி தொங்குவது கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது. கீழ் வீடுகளுக்கும் தொந்தரவு. இனி யாரும் தொங்கவிடக் கூடாது.

மறுநாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதை ஒட்டிய லிஃப்டுக் கண்ணாடியைப் படியக்காதான் துடைக்க வேண்டும். காகிதத்தைச் சுற்றித் துடைத்தாள்.

கம்பிகள் காலியாகிவிட்டன. "இப்ப என்னக்கா பண்றது?" என்று பெண்கள் குழாய் வழியாகக் கேட்டார்களாம். "துணி இனிமே வேணாம்டி. துணிய யாரு வேணாலும் போடலாம். ஆளு வரணும்" என்றாளாம்.

சில நாள் கழித்து என் மேசை முன் வந்து நின்றாள்.

"சார், ஒரு புகார் எழுதுங்க. குப்பக்கொழாயில எலி செத்துக் கெடக்குது. நாத்தம் தாங்கல."

"கிடக்கிறதா?"

"இப்ப இல்ல. போன மாசம் கெடந்துச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"சென்ற மாதம்" என்றே எழுதினேன். செயலாளர் அந்த இரண்டு சொல்லைப் படிக்கவில்லை. எலி, நாற்றம், நோய் என்பவை மட்டும் அவர் கண்ணில் பட்டன. அடுத்த நாளே மேலும் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் நாற்றம் அடிப்பதாகச் சொன்னார்கள். சொல்லப்பட்ட பிறகு நாற்றம் எல்லோருக்கும் அடிக்கும். குழாயை எல்லா மாடியிலும் தகடு வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு வீடும் காலையில் குப்பை லாரி வருவதற்குள் பையை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று புதிய விதி வந்தது. எஜமானிகள் யாரும் குப்பைப் பையோடு முற்றத்தில் நிற்கத் தயாராக இல்லை.

இப்படித்தான் அந்தப் பெண்கள் தினமும் கீழே இறங்கிவந்தார்கள். காவலாளிக்கு உற்சாகம்.

"யக்கா, ஜெயிச்சிட்டீங்க!"

"என்னத்த ஜெயிச்சேன்? உரிமைன்னு கேட்டேன், குடுக்கல. நாத்தம்னு சொன்னேன், குடுத்துட்டாங்க. இதுக்கு ஒரு மால வேற போடுவியா?"

பை வைக்கும் இடத்தில் அவள் நிற்பாள். வரிசையில் வரும் ஒவ்வொருத்தியையும் கேட்பாள். சாப்பிட்டியா, தூங்குனியா, எங்கயாச்சும் வலிக்குதா. தலையை ஆட்டினால் விட மாட்டாள். "வாயத் தொறந்து சொல்லுடி. தல ஆடுறத வெச்சு நான் ஏமாற மாட்டேன்" என்பாள். வெடுக்கென்று பதில் சொல்லுகிறவர்களும் உண்டு. "சாப்ட்டேன், தூங்குனேன், மேடம் மூஞ்சியப் பாத்தா மட்டும் வலிக்குது" என்று ஒருத்தி சொன்னபோது முற்றமே சிரித்தது. படியக்கா சிரிக்கவில்லை. மடித்துப்போட்ட துணியைப் பார்த்துச் சிரித்த அன்றோடு அவள் சிரிப்பது குறைந்துவிட்டது.

ஐந்தாம் மாடிக்கு வேறொரு பெண் வந்திருப்பதாகத் தெரிந்தது. ஆனால் பையை எஜமானியே கொண்டுவந்தாள். கழுத்து இறுகக் கட்டிய, சொட்டாத பை. முதல் நாள் படியக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

"பொண்ணு எங்கம்மா?"

"மேல வேலையா இருக்கா."

"நாளைக்கு அவளே கொண்டு வரட்டும்."

"நீ யாரு என்னைய..." என்று தொடங்கிய எஜமானி, வரிசையைப் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் பையைக் கீழே வைக்காமல் நின்றார்கள். லாரி உறுமிக்கொண்டு காத்திருந்தது. பால்கனியில் ஒருவர் எட்டிப் பார்த்து, என்ன தாமதம் என்று கத்தினார்.

"நா யாருமில்லம்மா. போன பொண்ணுக்கு அக்கா. அவ்வளவுதான்."

எஜமானியின் கண் நிறைந்தது. அவள் பையை வைத்துவிட்டு வேகமாகப் போனாள்.

மறுநாள் காலை புதுப்பெண் வந்தாள். பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்தாம் மாடிப் பால்கனியில் எஜமானி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் கம்பி காலியாக, துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் படியக்கா.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"தல வேணாம். வாயத் தொறந்து சொல்லு."

அவள் பையை மெல்லக் கீழே வைத்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். காவலாளி கூட ஜோக் அடிக்கவில்லை.

"பசிக்குதுக்கா" என்றாள்.

படியக்கா துடைப்பானைச் சுவரில் சாத்தினாள். வாளியை ஓரமாகத் தள்ளினாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாம் மாடிக்கு ஏற மூன்றாம் கட்டடத்துக்குள் போனாள். பின்னால் நின்ற ஒருத்தி பையை வைத்துவிட்டுக் கூடவே போனாள். பிறகு இன்னொருத்தி.

மாலையில் எனக்கு ஒரே ஒரு புகார் வந்தது. மூன்றாம் கட்டடத்தில் இன்று படி துடைக்கப்படவில்லை என்றார் ஒருவர். உண்மைதான். எழுதிக்கொண்டேன்.